அமாவாசை மாடி

"அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது, இப்போது வந்த நாகரிகம்" என்று யாராவது பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். போன மாதம்கூட ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்தார். ஆணும் ஆணும் சேர்ந்து குடித்தனம் பண்ணுகிறார்களாம், பேப்பரில் போட்டிருக்கிறதாம், கலி முற்றிவிட்டதாம். நான் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன். ஐயா, எழுபதுகளின் தொடக்கத்திலேயே திருவல்லிக்கேணியில் ஒரு மாடியில், ரசத்தில் உப்பு போதவில்லை என்று அப்படிப்பட்ட இருவர் சண்டை போட்டுக்கொண்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்று சொல்லியிருப்பேன்.

நான் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்தவன். எங்கள் ஊர் நெசவாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது, அமாவாசைதான் விடுமுறை. அன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். தறியைத் துடைத்துப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டால் தெரு முழுக்கச் சத்தம் ஓய்ந்துவிடும். மற்ற வீடுகளில் தூங்குவார்கள், சினிமாவுக்குப் போவார்கள். என் அப்பாவுக்கு அந்த ஒரு நாளையும் சும்மா விட மனம் வராது. நெய்து முடித்த புடவைகளை மூட்டையாகக் கட்டி என்னை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். மயிலாப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் அவற்றைக் கொடுத்துவிட்டு, இருட்டிய பிறகு கிளம்பும் பஸ்ஸில் நான் திரும்பி வர வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேச்சு என்றுகூடச் சொல்ல முடியாது, முடிந்துபோன காரியம் அது. என் அக்காவுக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை. அவள் பிறந்த அன்று, சின்னப் பையனாக இருந்த என்னை இழுத்துக்கொண்டு போய், "இன்னாடா பாக்கற, உன் பொண்டாட்டிடா" என்று தொட்டிலைக் காட்டினார்களாம். தை பிறந்ததும் கல்யாணம், மார்கழியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள், அதனால் கார்த்திகைக்குள் பரிசம் போட்டுவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல என் கையில் ஒரு காரணமும் இல்லை. லட்சணமான பெண், கெட்டிக்காரி, என்மேல் உயிரையே வைத்திருந்தவள். எனக்குத்தான் பெண்கள்மேல் மனம் போகவில்லை, ஆண்கள் பக்கம் போனது. அதற்கு ஒரு பெயர் உண்டு என்றுகூட எனக்குத் தெரியாது. கடவுள் உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில் கை தவறிவிட்டார், அந்த இடம் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மயிலாப்பூர்க் கடையில் ஒரு விற்பனையாளர் இருந்தார். குள்ளமாக, வெற்றிலைக் கறையோடு, எப்போதும் சிரித்த முகமாக இருப்பார். ஆடி அமாவாசையன்று, நிறம் எடுபடவில்லை என்று முதலாளி திருப்பிக் கொடுத்த சில புடவைகளை நான் மறுபடி மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சாயந்தரம் நம்ம வீட்டாண்ட வாயேன்பா. திருவல்லிக்கேணிதான். நாலு பேரு வருவாங்க. உன்ன மாதிரி ஆளப் பாத்தா சந்தோஷப்படுவாங்க."

காஞ்சிபுரத்துக்காரனிடம் இப்படிச் சொன்னால் அவனுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் புரியும். வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், முதலாளிக்குத் தெரியாமல் நேரடியாகப் புடவை வாங்கப் பார்க்கிறார்கள். திருப்பி வந்த சரக்குக்கு வழி பிறந்தது என்று எனக்கு ஒரே குஷி. சொன்ன நேரத்துக்கு மூட்டையோடு போய், செங்குத்தான மரப்படியில் மூச்சு வாங்க ஏறினேன். மேலே மொட்டைமாடி, ஓரமாகக் கூரை போட்ட ஓர் அறை. மாடியில் பாயை விரித்து ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழே பார்த்தேன், அறைக்குள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு பெண்கூட இல்லை. பெண்கள் இல்லாமல் யாராவது முகூர்த்தப் புடவை எடுப்பார்களா?

"பொண்ணு வீட்டுக்காரங்க இன்னும் வரலீங்களா?" என்று கேட்டேன்.

அவர்கள் சிரித்தார்களே ஒரு சிரிப்பு, பக்கத்து மாடியில் வடாம் காவலுக்கு இருந்த அம்மாள் எழுந்து நின்று பார்த்தாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. குள்ளமான விற்பனையாளர்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொண்ணு வீடும் நாங்கதான், புள்ள வீடும் நாங்கதான். விரிப்பா, பாக்கலாம்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் விரி என்றால் கை தானாக வேலையைப் பார்க்கும். புடவை காட்டுகிறவன் அதைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவதுதான் எங்கள் வழக்கம். முந்தியை எடுத்துத் தோளில் போட்டு, மடிப்பை விட்டு, இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டினேன். ஊரில் இதை யாரும் ஒரு பொருட்டாகப் பார்க்க மாட்டார்கள். இங்கே அத்தனை பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அவர்களில் வழுக்கைத் தலையும் கனத்த கண்ணாடியுமாக ஒருவர் இருந்தார், பாங்கியில் உத்தியோகம். அவர் எழுந்து வந்து, குழந்தையைக் கேட்பதுபோல இரண்டு கையையும் நீட்டி, "ஒரு நிமிஷம் என் மேல போடுவீங்களா தம்பி?" என்றார்.

போட்டேன். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். யாரும் கேலி செய்யவில்லை. ஒருவர் எழுந்து மடிப்பைச் சரிசெய்து விட்டார். எனக்கு அப்போதுதான் விஷயம் மெதுவாக உறைத்தது. மூட்டையை மறந்து அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை பேர்! ஒரே மாடியில், ஒரே பாயில், என்னைப் போல இத்தனை பேர்!

"உன்ன மொத நாளு பாத்தப்பவே தெரியும்பா எனக்கு" என்றார் விற்பனையாளர்.

"எப்படி?"

"அது தெரியும்பா" என்றார். அதற்குமேல் அவர் விளக்கியதே இல்லை.

அந்த மாடி அவருடையது மட்டுமில்லை. அவரோடு ஒரு நெட்டையர் இருந்தார், அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. தெருவில் கேட்டால் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்பார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். அன்று மாடியில் நடந்த ஆட்டத்தையும் பாட்டையும்விட என்னை வாயைப் பிளக்க வைத்தது அவர்கள் போட்ட சண்டைதான். நெட்டையர் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு உப்பு போதாது என்றார். குள்ளமானவர், "நேத்து அதிகம்னு சொன்ன இதே நாக்குதான?" என்று கரண்டியைத் தட்டினார். அவர் முறைத்தார், இவர் திரும்பிக்கொண்டார். சற்று நேரத்தில், அவருக்கு இருமல் வந்ததும் இவர் எழுந்து போய்ச் சுக்கு தட்டி எடுத்து வந்தார். என் அப்பாவும் அம்மாவும் அச்சு அசல் இப்படித்தான். இரண்டு ஆண்கள் இப்படி வாழ முடியும் என்பது என் கற்பனைக்கே வராத ஒன்று. கோயில் கோபுரத்தை முதல் தடவை அண்ணாந்து பார்க்கிற பட்டிக்காட்டானைப் போல நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எனக்கு மெட்ராஸே வேறு ஊராகிவிட்டது. முன்பெல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கினால் வண்டி இரைச்சலும் கூட்டமும்தான் கண்ணில் படும். இப்போது மாடியிலிருந்து இரண்டு மூன்று பேராகப் பிரிந்து கிளம்புவோம். முதலில் ஒரு ஈரானி டீக்கடை. பளிங்குக்கல் மேசையில் உட்கார்ந்து, "அதோ அந்த நீலச் சட்டை நம்ம ஆளு" என்று மெதுவாகச் சொல்வார்கள். நீலச் சட்டை நிமிர்ந்து பார்த்து, பார்வையைச் சற்றே அதிக நேரம் நிறுத்திவிட்டு டீயைக் குடிக்கும். அவ்வளவுதான் அறிமுகம். "நம்ம ஆளு" என்ற அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று சொல்லி மாளாது.

அங்கிருந்து கடற்கரை. அமாவாசை ஆயிற்றே, மணலில் இருட்டு அப்பிக்கிடக்கும். படகுகளை ஒட்டி ஆங்காங்கே பீடி நுனிகள் மினுங்கும். ஒவ்வொரு மினுங்கலுக்கும் பின்னால் ஓர் ஆள். கல்லூரி மாணவன், கப்பலில் சமையல் வேலை பார்க்கிறவன், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தோல் வியாபாரி, பட்டாளத்தில் இருந்து லீவில் வந்தவன். உருதுவில் ஒரு குரல் பாடும், தெலுங்கில் ஒரு குரல் கேலி செய்யும், எல்லோரும் சிரிப்பார்கள். தூரத்தில் போலீஸ்காரரின் டார்ச் வெளிச்சம் தெரிந்தால் ஒருவர் இருமுவார், அடுத்தவர் இருமுவார், அந்த இருமல் கரையோரமாகவே போகும். நொடியில் அத்தனை பீடியும் அணைந்துவிடும். பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிடித்தால் அடியும் அவமானமும் நிச்சயம். ஆனாலும் அந்த இருட்டில் நின்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டதுண்டு. கருட சேவைக்குக் குவிகிற கூட்டத்திலும் எனக்கு அந்த மலைப்பு வந்ததில்லை.

மாடியில் வழக்கமாகக் கூடுவது சனிக்கிழமையில். என்னால் அமாவாசைக்கு மட்டும்தான் வர முடியும் என்று தெரிந்ததும் அமாவாசையும் கூடும் நாளாகிவிட்டது. எனக்கே அமாவாசை என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னாபா அமாவாசை, இந்த மாசம் ரெண்டு தபா வரக்கூடாதா?" என்பார் பாங்கிக்காரர். எங்கோ காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையச் சந்தில் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவனுக்காக மெட்ராஸில் ஒரு கூட்டம் நாள் பார்த்துக்கொண்டிருந்தது.

கல்யாண விஷயத்தை ஐப்பசியில்தான் அவர்களிடம் சொன்னேன். ஆளுக்கொரு யோசனை. அவர்களில் ஒரு மீசைக்காரர், கட்டிட மேஸ்திரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர், ஏழு வருஷமாகக் கல்யாணமானவர், என் முதுகில் தட்டினார். "பண்ணிக்கோ. நாங்கள்லாம் பண்ணிக்கல? ஒரு கொழந்த பொறந்துட்டா அவளுக்குப் பொழுது போயிடும். உனக்கு அமாவாசை இருக்குது. யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். குள்ளமானவரும் நெட்டையரும் மட்டும் தலையாட்டாமல் எச்சில் இலைகளை எடுக்க எழுந்துவிட்டார்கள். மீசைக்காரர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பஸ்ஸில் திரும்பும்போது பாரம் இறங்கியதுபோல இருந்தது. சரி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கார்த்திகை அமாவாசை கழிந்த முதல் முகூர்த்தத்தில் பரிசம் என்று முடிவானது.

அந்த அமாவாசையன்று மழை. மாடியில் உட்கார முடியாமல் எல்லோரும் அறைக்குள் நெருக்கிக்கொண்டிருந்தோம். மீசைக்காரர் முன்னதாகவே வந்து முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டார். நான் கொண்டுவந்த கத்திரிப்பூ நிறப் புடவையைப் பாங்கிக்காரர் போர்த்திக்கொண்டு ஒரு பாட்டுக்கு அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தார். மரப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. நம் ஆள் யாரோ என்று கதவைத் திறந்தால், நனைந்த குடையோடு ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். கணவரின் பெயரைச் சொல்ல மாட்டாமல், "மேஸ்திரிங்க கணக்கு எழுதறாரே, அவரு இங்க இருக்காரா?" என்றாள்.

பாங்கிக்காரரின் தோளில் புடவை அப்படியே நின்றுவிட்டது. நெட்டையர்தான் சுதாரித்துக்கொண்டு, "இப்பத்தான் கெளம்பினாரும்மா, வீட்டுக்குத்தான் போயிருப்பாரு" என்று சொல்லி, முக்காலியைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்தாள். குடித்துக்கொண்டே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள், ஒரே கொடியில் உலர்ந்த இரண்டு அளவு சட்டைகளைப் பார்த்தாள்.

"நாலஞ்சு மாசமா அமாவாசைக்கு அமாவாசை லேட்டா வராருங்க. கேட்டா பதில் இல்ல. அமாவாசையில எவன் வெளிய சுத்துவான்? யாருக்கோ சூனியம் வெக்கறாரு, இல்லன்னா எனக்குத்தான் வெக்கறாருன்னு நெனச்சிக்கினு மசூதி மசூதியா மந்திரிச்சிக்கினு இருந்தேன். இன்னிக்கு ஒரு மேஸ்திரிதான் இந்த வீட்டக் காட்டினாரு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தறிக்கு விடுமுறை என்பதால்தான் அந்த நாள். அதற்குப் போய் ஒருத்தி தாயத்து கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. காலி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, நெட்டையரைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க பெரியவங்களா இருக்கீங்க, சொல்லுங்க. ஏழு வருசமா நான் யோசிச்சிக்கினே இருக்கறேன். நெறமா, மூஞ்சியா, என் சமையலா, என் வாயான்னு. என்கிட்ட எதுனா கொறைங்களா?"

"இல்லம்மா" என்றார் நெட்டையர். அவர் குரல் உடைந்துவிட்டது. "உன்கிட்ட ஒரு கொறையும் இல்லம்மா. சத்தியமா இல்ல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏழு வருஷத்தையும் ஒரே மூச்சாக வெளியே விட்டாள். பிறகு எழுந்து குடையை எடுத்தாள். வாசலில் நின்று பாங்கிக்காரரைத் திரும்பிப் பார்த்து, "அந்தக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள். கடற்கரையில் பார்த்த கூட்டம், இந்த இருவரின் குடித்தனம், எல்லாவற்றையும்விடப் பெரிய ஆச்சரியமாக அவள் எனக்குத் தெரிந்தாள். அவளைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் காலை தறியில் உட்காராமல் நேராகச் சின்ன காஞ்சிபுரத்துக்கு, அக்கா வீட்டுக்கு நடந்தேன். அக்கா பரிசத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"இந்தக் கல்யாணம் வேணாங்க்கா. எனக்குப் பொம்பளைங்க மேல ஆசை வராது. ஆம்பளைங்க மேலதான் வருது. எப்பவும் அப்படித்தான்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் வந்தது, பயம் வந்தது, என்னென்னவோ வந்து போனது. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யார்கிட்டனா சொல்லிக்கினியா?"

"இல்ல."

"அப்பாகிட்ட வாயத் தொறக்காத. ஜாதகத்துல தோஷம்னு ஐயரு சொல்லிட்டாருன்னு நான் சொல்லிக்கறேன்." கீழே சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளினாள். "ஆனா என் பொண்ணுகிட்ட தோஷக் கத சொல்லக் கூடாது. உள்ள இருக்கறா. என்கிட்ட சொன்னத அவகிட்டயும் நீயே போயி சொல்லு. சொல்லலன்னா மாமன் நம்மள ஏன் வேணாம்னான்னு சாவற வரைக்கும் கண்ணாடியப் பாத்துக்கினே நிப்பா."

அக்கா மெட்ராஸுக்கே போகாதவள். அந்த மழைநாள் பெண்ணை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு என் முகம் பார்த்துப் பேச அவளுக்கு வருஷக்கணக்காயிற்று. ஆனால் அன்றைக்கு அவள் சொன்னதற்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன்.

உள்ளே அக்கா மகள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் பேசியது காதில் விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் ஒரு குறையும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள். கண்ணீர் விழுந்தது, அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள், ராட்டை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் முடித்த பிறகு இன்னும் இரண்டு சுற்று சுற்றினாள். அப்புறம் கேட்டாள்.

"உன்ன மாதிரி வேற யாருனா இருக்காங்களா மாமா?"

"இருக்காங்க. மெட்ராஸ்ல நெறைய பேரு இருக்காங்க."

"உன்ன நல்லா பாத்துக்கறாங்களா?"

"பாத்துக்கறாங்கமா. நான் எப்ப வருவேன்னு நாளு பாத்துக்கினு இருப்பாங்க."

அப்போதுதான் அவள் ராட்டையை நிறுத்தினாள்.

"அப்பாடா" என்றாள். "நீ ஒண்டியாவே கெடந்துடுவியோன்னு பயந்துட்டேன் மாமா."